போலந்துக்காரருக்கு நாம் நடத்திய இரங்கல் கூட்டம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நம் வாசகசாலையின் செயற்குழு கூடி, கிழக்குச் சுவரோரம் நிற்கும் இரண்டாவது அலமாரியைத் தெற்குச் சுவரோரத்துக்கு மாற்றுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. நம் தாலுகாக்கள் திருவிதாங்கூரை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகு இங்கே எடுக்கப்பட்ட முதல் முடிவு இது. அடிபட்டும் சிறைக்குப் போயும் பெற்ற உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு அலமாரி பதில் சொல்லிவிட்டது. காலியாகும் கிழக்குச் சுவரில் வாசகசாலைத் தலைவரின் படம் மாட்டப்படும். எல்லைப் போராட்டத்தில் அவர் ஆற்றிய பங்கு படத்துக்குக் கீழே எழுதப்படும். எழுத என்ன இருக்கிறது என்று யோசிக்க ஒரு துணைக்குழுவும் அமைத்தார்கள்.

அலமாரியை நகர்த்தியபோது சுவருக்கும் பலகைக்கும் இடையே செருகிக் கிடந்த ஒரு மெல்லிய புத்தகம் கீழே விழுந்தது. சாம்பல் நிறத் துணி அட்டை. ஓரத்தைக் கரையான் ருசிபார்த்துவிட்டு, பிடிக்காமல் விட்டிருக்கிறது. நூலகப் பொறுப்பு என்னிடம் இருப்பதால் நான்தான் எடுத்துத் துடைத்தேன். பிரித்து முகர்ந்தேன். அதில் இன்னும் கிராம்பு வாசம் இருக்கிறது, ஓய்.

உமக்கு நினைவிருக்கும். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் எஸ்டேட் வைத்திருந்த துரை, நாடு நம்முடையதாகிவிட்டதால் தம் நாட்டுக்குக் கப்பலேறினார். எடுத்துப்போக மனமில்லாத புத்தகங்களையெல்லாம் கிராம்பு வைத்திருந்த தகரப் பெட்டி ஒன்றில் போட்டு நமக்கு அனுப்பினார். திறந்தபோது வாசகசாலை முழுவதும் பல்வலிக்காரன் வாய் போல மணத்தது. வேட்டை நாய் வளர்ப்பது எப்படி, ரப்பர் மரத்தின் நோய்கள், சீட்டாட்டத்தில் வெற்றி பெறும் வழிகள். தலைவர் துரைக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு நாய்ப் புத்தகத்தைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். புத்தகம் இன்னும் வரவில்லை. நாய் செத்துப்போய்விட்டது.

அந்தக் குவியலில் மிகவும் மெல்லியதாக இருந்தது இது என்பதால் நீர் இதை எடுத்தீர். போலந்துக் கவிஞர் ஒருவரின் கவிதைகள், லண்டனில் யாரோ ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சிட்டவை. ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, புத்தகத்தை மூக்குக்கு அருகில் பிடித்து நீர் படிக்க ஆரம்பித்தபோது வெளியே வெயில் இருந்தது. நான் விளக்கை ஏற்றிய பிறகுதான் தலையைத் தூக்கினீர்.

"வே, இவரு கவிதை எழுதல்ல. சாட்சி சொல்லுதாரு" என்றீர்.

நீர் சொன்னால் அதற்கு எடை உண்டு. ஜில்லா கோர்ட்டில் சாட்சிகள் தமிழில் சொல்வதை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர் நீர். நிலத்தகராறு, மாட்டுத் திருட்டு, வெட்டுக்குத்து எல்லாம் உம் பேனா வழியாகத்தான் எல்லை தாண்டும். உம் தொழிலுக்கு ஒரே விதி வைத்திருந்தீர்: "சாட்சி சொன்னத எழுதணும். சொல்ல நெனச்சத எழுதப்படாது." கூண்டில் நிற்பவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாலும் நீர் 'அழுதாள்' என்று எழுதியதில்லை. அவள் வாயால் சொல்லவில்லையே.

அன்று நீர் எனக்கு வாசித்துக் காட்டிய கவிதை தண்ணீர்க் குழாயைப் பற்றியது. சண்டையில் இடிந்துபோன ஒரு தெரு. மறுவாரமே அதை நீர் தமிழில் எழுதிக் கொண்டுவந்தீர்.

குழாய் இருந்த இடத்தில் குழாய் இல்லை.
நாங்கள் வரிசையில் நிற்கிறோம்.
எனக்கு முன்னால் நிற்பவள் இன்று வரவில்லை.
அவள் இடத்தை விட்டு நிற்கிறேன்.

புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இரண்டாவது வரியில் கண்ணீர் வழிய நிற்கிறோம் என்று இருந்தது. உம் தமிழில் கண்ணீரைக் காணோம்.

"ஒரு சொல்ல முழுங்கிட்டீரே வே?"

"அது அவரு சொல்லு இல்ல. இங்கிலீஷ்காரன் கூட்டிச் சேத்தது."

"நீரு போலந்து பாஷை எங்க படிச்சீரு?"

"படிக்கல்ல. ரெண்டு பாஷைக்கு நடுவுல நின்னு சம்பளம் வாங்குதவன் நான். நடுவுல நிக்கவன் கைச்சரக்கு சேத்தா எனக்கு வாடை தெரியாதா? கண்ணீரு விடுதவன் அடுத்தவளுக்கு எடம் விட்டு நிப்பானா? அவனுக்கு அந்த நெனப்பே வராது."

வாடை பிடித்து மொழிபெயர்த்த முதல் மனிதர் நீராகத்தான் இருக்கவேண்டும். இரண்டு குளிர்காலம் அதே வேலை. நமக்கு எங்கே குளிர்காலம் என்று நீர் கேட்பீர். இரண்டு கன்னிப்பூ, இரண்டு கும்பப்பூ அறுவடை என்று திருத்திக்கொள்கிறேன். கோர்ட் விட்டதும் நேராக வருவீர், ஒரு கவிதையை வைப்பீர், நான் ஒரு சொல்லைக் குறை சொல்வேன், நீர் என்னை மூன்று சொல்லால் திட்டுவீர். புத்தகம் முழுவதும் தமிழாகிவிட்டது. அப்போது உமக்கு ஓர் ஆசை வந்தது. அச்சில் வருவதுகூட இரண்டாம்பட்சம், நாலு பேர் முன்னால் ஒருமுறை முழுவதையும் வாசிக்கவேண்டும். "கோர்ட்டுல நான் எழுதுததக் கடைசியில ஒருக்கா உரக்க வாசிப்பாங்க வே. வாசிச்சுக் கேட்டாத்தான் அது சாட்சியம். இல்லேன்னா வெறும் காயிதம்."

நாலு பேர் என்றால் நம் ஊரில் வாசகசாலைதான். வாசகசாலை என்றால் தலைவர். அவர் அரிசி மில் முதலாளி; உமியையும் அரிசியையும் பிரிக்கத் தெரிந்தவர் என்பதால் இலக்கியத்துக்கும் தலைவரானார். அவர் கேட்ட முதல் கேள்வியை நீர் எனக்குப் பலமுறை நடித்துக்காட்டியிருக்கிறீர்.

"ஆளு செத்தாச்சா?"

கேள்வியில் குற்றமில்லை. நம் வாசகசாலையில் உயிரோடிருக்கும் கவிஞரை வாசிக்கும் வழக்கமே கிடையாது. உயிரோடிருப்பவர் நாளைக்கு எந்தக் கட்சியில் சேர்வார், யாரைத் திட்டுவார் என்று சொல்லமுடியாது. செத்தவர் நம்பத்தக்கவர். ஆகவே இங்கே நடப்பவை நினைவு நாள்களும் இரங்கல் கூட்டங்களும்தான். தேசத்தில் எங்கே எந்தப் பெரியவர் கண்மூடினாலும் இங்கே தீர்மானம், ஒரு நிமிட மௌனம், பிறகு சுக்குக் காப்பி.

"தெரியாது. நாப்பத்தினாலுல அவரு இருந்த பட்டணம் தரைமட்டமாச்சு. அதுக்குப் பெறகு தகவல் இல்லேன்னு முன்னுரையில போட்டிருக்கு" என்றீர் நீர்.

செயற்குழுவின் வக்கீல் பிள்ளை இதற்காகவே பிறந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏழு வருசம் தகவல் இல்லேன்னா செத்ததா எடுத்துக்கிடலாம். சாட்சியச் சட்டம். ஓய், நீரு கோர்ட்டு ஆளு, உமக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா, யாரு கேள்விப்பட்டிருக்கணுமோ அவங்க கேள்விப்படாம இருக்கணும். நாம கேள்விப்படல்லேன்னா அதுக்கு அந்த மனுசன் என்ன செய்வாரு?"

"நம்ம வாசகசாலையே கேள்விப்படல்ல. வேற எவன் கேள்விப்படுவான்?"

"அப்போ கணக்குப் பாத்தா அம்பத்தொண்ணுல முடியுது. அதுவரைக்கும் பொறும். அவசரப்பட்டா தர்மமில்ல" என்று தலைவர் முடித்துவைத்தார்.

நீர் ஒரே ஒரு நிபந்தனை போட்டீர்: "செத்துட்டாருன்னு நான் சொல்லமாட்டேன். அத நீங்க சொல்லிக்கிடுங்க. நான் வாசிக்க மட்டும் செய்வேன்." ஒப்புக்கொண்டார்கள். அப்படியாக, எங்கோ ஒரு குளிர்நாட்டில் இருந்தோ இல்லாமலோ இருந்த ஒரு மனிதர் நம் கோட்டாற்றில் மெல்ல மெல்லச் சாகத் தொடங்கினார். நீர் காத்திருந்தீர். உம் தலை நரைத்தது. தலைவர் வழியில் பார்க்கும்போதெல்லாம், "என்ன வே, உம்ம ஆளுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று விசாரிப்பார்.

ஐம்பத்தொன்றில் கூட்டம் நடந்தது. தோவாளையிலிருந்து ஆளுயர மாலை வந்துவிட்டது. கவிஞரின் படம் வரவில்லை. புத்தகத்திலும் படமில்லை. கடைசியில் சுவரில் இருந்த உலகப்படத்தில் போலந்தின் மேல் மாலையைத் தொங்கவிட்டார்கள். மாலை பெரிது, போலந்து சிறிது. ஜெர்மனி முழுவதும் ருஷ்யாவில் பாதியும் அதற்குள் அடங்கிவிட்டன. அந்த இரண்டும் போலந்துக்குள் அடங்கியது சரித்திரத்தில் அன்று ஒரு மாலைதான்.

தலைவர் பேசினார். போலந்தும் நாஞ்சில் நாடும் ஒன்று என்றார். அங்கேயும் எல்லைத் தகராறு, இங்கேயும் எல்லைத் தகராறு. அங்கேயும் வேறு பாஷைக்காரன் ஆட்சி, இங்கேயும் அப்படியே. மறைந்த கவிஞர் இன்றிருந்தால் நம் தாலுகாக்களுக்காகக் குரல் கொடுத்திருப்பார். கைதட்டல். வக்கீல் பிள்ளை மறைந்த கவிஞரோடு தமக்கு நேரடிப் பழக்கம் இல்லாத குறையைச் சொல்லி, அதை ஈடுகட்டும் விதமாகத் தம் கொழும்புப் பயணத்தை விவரித்தார். சுக்குக் காப்பி கொதிக்கும் மணம் வந்த பிறகு உம்மை அழைத்தார்கள்.

நீர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு எழுந்தீர். பெண்கள் பக்கத்தில், மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலு பேரோடு உம் மனைவி டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார்கள். கூண்டில் நிற்பவர் மாதிரி, ஏற்றமிறக்கமில்லாமல், குழாய்க் கவிதையை வாசித்தீர். அவள் இடத்தை விட்டு நிற்கிறேன் என்று முடித்து அடுத்த தாளை எடுப்பதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"ஏ மக்கா, எதுக எங்க, மோன எங்க? நம்ம குழாயடியிலயும் இதுதானலே நடக்கு! இதுக்குப் போலந்து வரை போணுமா?"

சிரிப்பு அடங்க நேரமானது. தலைவர் கடியாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு. மிச்சத்த நம்ம வாசகசாலை மலரு போடும்போது அச்சிலேயே பாத்துக்கிடலாம். எல்லாரும் எந்திரிச்சு ஒரு நிமிசம் மௌனமா நில்லுங்க." புத்தகம் முழுவதும் உம் கையில் இருந்தது. எல்லாரும் எழுந்து நின்று, நீர் வாசிக்காததைக் கேட்காமல், மௌனம் காத்தார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது உமக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று தேடினேன். நீர் முந்திக்கொண்டீர்: "அந்தப் பின்வரிசைப் பய சொன்னத கேட்டீரா? நம்ம குழாயடியிலயும் இதுதான் நடக்குன்னான். அவனுக்கு வெளங்கிருக்கு வே." அவன் கேலிக்குச் சொன்னான் என்பதை நான் சொல்லவில்லை. உமக்குத் தெரியாமலா இருக்கும்.

மலர் தயாராக மேலும் மூன்று வருஷம் ஆயிற்று. அந்தச் சமயத்தில்தான், ஆனி மழையில் குடையில்லாமல் தெருவைக் கடந்து என் வீட்டுக்கு ஓடிவந்தீர். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு லண்டனிலிருந்து யாரோ அனுப்பிய பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை டீச்சரம்மா எடுத்துவந்திருக்கிறார்கள். அதில் நம் போலந்துக்காரரின் புதுக் கவிதைகள். கீழே, இன்ன பட்டணத்தில் வசிக்கிறார் என்று குறிப்பு. சட்டைக்குள்ளிருந்து நனையாமல் எடுத்துக் காட்டினீர்.

"ஆளு இருக்காரு வே!"

சந்தோஷமாக இருந்தது. ஆனால் நீர் ஓடிவந்தது அதற்காக இல்லை என்று அடுத்த பக்கத்தைப் புரட்டியபோது தெரிந்தது. அதே குழாய்க் கவிதையை வேறொருவர் ஆங்கிலத்தில் புதிதாகப் பெயர்த்திருந்தார். உம் விரல் இரண்டாவது வரியில் நின்றது. நாங்கள் வரிசையில் நிற்கிறோம். அவ்வளவுதான்.

"கண்ணீரு இல்ல! பாரும்! நான் அப்பமே சொன்னம்லா, கண்ணீரே இல்ல வே!"

நீர் மழையில் நனைந்து வந்திருந்ததால் அப்போது உம் முகம் எப்படி இருந்தது என்பதைப் பற்றி நான் சாட்சி சொல்லமுடியாது.

இதைச் செயற்குழுவிடம் சொல்லவேண்டாம் என்றேன். மலர் வந்துவிடட்டும், பிறகு அவர் உயிர்த்தெழலாம் என்றேன். "தெரிஞ்சும் சொல்லல்லேன்னா அது பொய் சாட்சி" என்று போய்ச் சொன்னீர். உலகத்தில் எங்கோ ஒரு மனிதர் உயிரோடிருக்கிறார் என்ற செய்தியை அவ்வளவு வருத்தத்தோடு ஒரு சபை கேட்டு நான் பார்த்ததில்லை.

"தீர்மானம் போட்டாச்சு, மாலை போட்டாச்சு, போலந்து சர்க்காருக்குத் தபாலும் போட்டாச்சு. இப்ப வந்து உசுரோட இருக்காருன்னா வாசகசாலைக்கு என்ன வே மரியாத?" என்று தலைவர் கத்தினார்.

"சட்டப்படி அவரு செத்தவருதான். இல்லேன்னு சொல்லணும்னா அவரு நேர்ல வரணும்" என்றார் வக்கீல் பிள்ளை.

"நான் எழுதுனது அப்படியேதான இருக்கு? அவரு இருந்தா என்ன, போனா என்ன? அந்தக் கவிதைகள மட்டும் மலருல போடுங்க."

"காலமான கவிஞருன்னு போட்டா பொய்யின்னு நீரே சொல்லுதீரு. உசுரோட இருக்காருன்னு போட்டா நாங்க பொய்யின்னு ஊரு சொல்லும். எதப் போட?" என்றார் தலைவர்.

எதையும் போடவில்லை. உமக்கென்று ஒதுக்கிய பக்கங்களில் அரிசி மில் விளம்பரமும், மில் முதலாளியின் வாழ்க்கைக் குறிப்பும் வந்தன. இனிமேல் மரணச் சான்றிதழ் இல்லாமல் யாருக்கும் இரங்கல் கூட்டம் இல்லை என்று புது விதி நிறைவேறியது. துரையின் புத்தகம் அந்த வாரமே காணாமல் போனது. அது எங்கே போனது என்பதை இப்போது அலமாரி சொல்கிறது. யார் செருகினார்கள் என்பதைச் சொல்லவில்லை, நானும் எழுதமாட்டேன்.

"சவத்தத் தள்ளும் வே" என்றீர். அதன்பிறகும் ஜன்னலோர பெஞ்சுக்கு வந்தீர். பேப்பர் படித்தீர். மொழிபெயர்த்த கட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை. வெளியே ஊர்வலங்கள், தடியடிகள், துப்பாக்கிச் சத்தம். உம் பேனா கோர்ட்டில் மட்டும் ஓடியது. பிறகு நெஞ்சு அடைத்தது. ஆகஸ்டில், எல்லை மாறுவதற்குச் சற்று முன்னால், நீர் போனீர். கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் உம்மை நல்ல குமஸ்தா என்றார்.

நான் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். சாவுக்குச் சான்று கேட்டுப் பிழைப்பவன். என் கம்பெனி சந்தேகத்துக்குப் பேர்போனது. அது உம் மரணத்தைப் பத்தே நாளில் ஒப்புக்கொண்டது.

டீச்சரம்மா சென்ற மாதம் அந்தக் கவிதைக் கட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "அண்ணாச்சி, அந்தப் போலந்துக்காரருக்கு நடத்தினது மாதிரி இவருக்கும் ஒண்ணு நடத்தமாட்டாங்களா? அழுகவெல்லாம் வேண்டாம். பேசவும் வேண்டாம். இத முழுசா ஒருக்கா வாசிச்சாப் போதும். நானே வாசிக்கேன்" என்றார்கள். நான் சான்றிதழோடு மனு எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அலமாரியும் இன்னொரு தீர்மானமும் முடிந்த பிறகு அதை எடுத்துக்கொண்டார்கள்.

சான்றிதழைத் தலைவர் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "மலையாளத்துல இருக்கே ஓய்."

நீர் பழைய சர்க்காரில் செத்தவர். நீர் செத்த ஆகஸ்டில் நகரசபை மலையாளத்தில்தான் எழுதும். இனி இந்த வாசகசாலையில் தமிழ்ப் பத்திரங்கள் மட்டுமே ஏற்கப்படும் என்று அன்றைக்குச் சற்று நேரம் முன்னால்தான் கைதட்டி முடிவு செய்திருந்தார்கள்.

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும். மரணம்னு எழுதியிருக்கு. ரெண்டு பாஷையிலயும் அது மரணம்தான்" என்றேன். "அதவிட, நீங்க எல்லாரும் சவ அடக்கத்துக்கு வந்தீங்க. தலைவரே, நீரு பெட்டிமேல மண்ணு போட்டீரு."

"போட்டேன். யாரு இல்லேன்னா? ஆனா விதின்னு ஒண்ணு இருக்குல்லா? உமக்கு வாசிக்கத் தெரியும், சரி. முத்திரை உண்டுமா? கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் முத்திரையோட தமிழ்ல கொண்டு வாரும். அடுத்த வாரமே நடத்திப்போடலாம். விதி கொண்டுவந்ததே உம்ம சேக்காளியாலதான வே" என்றார் தலைவர். குழுவில் எல்லாரும் தலையாட்டினார்கள். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

கட்டு இப்போது என் பையில், பாலிசிப் படிவங்களுக்கு நடுவே இருக்கிறது. வாடிக்கையாளர் வீட்டில் காத்திருக்கும்போது ஒன்றை எடுத்துப் படிப்பேன். உம் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது: யார் எதைச் சொன்னாலும், இதைச் சாட்சி சொன்னாரா, நடுவில் நின்றவன் சேர்த்தானா என்று மூக்கு தேடுகிறது. இதனால் மேடைப் பேச்சுக் கேட்க முடியவில்லை. கல்யாணப் பத்திரிகைகூடப் படிக்க முடியவில்லை. இந்த மடலையும் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். மூன்று இடங்களில் அடித்திருக்கிறேன். என்ன சொற்கள் என்று உமக்குச் சொல்லவேண்டியதில்லை. பெஞ்சில் ஜன்னல் பக்கத்தை விட்டு உட்காருகிறேன். தள்ளி உட்காரும் வே என்று புதிதாக வருகிறவர்கள் சண்டை பிடிக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் உம் சான்றிதழை நானே கோர்ட்டில் கொடுத்தேன். இன்று திரும்பி வந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பதவி ஆகஸ்ட் முதல் காலியாக இருப்பதாகப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.